புதுத் தாழ்ப்பாள்

அழைப்பு மணி அடித்தபோது டார்லீன் குளியலறைக் கதவில் புதுத் தாழ்ப்பாளின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. தரையில் சிந்திய மரத்தூளை கால்மிதிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய் வாசற்கதவைத் திறந்தாள்.

வந்தவள் அரசாங்க விசாரணை அதிகாரி, மிஸ் டக்கெட். டார்லீனின் மகன் வெஸ்லிக்குக் கடற்படைத் தளத்தில் வேலை கிடைத்திருந்தது. ரகசியக் காகிதங்கள் புழங்கும் இடம் என்பதால், ஆளைப் பற்றி விசாரித்துத் திருப்தியானால்தான் உள்ளே விடுவார்கள்.

"பழைய தப்பு எதுவும் வேலையைக் கெடுக்காது மேடம். மறைச்சாதான் கெடுக்கும்," என்று ஆரம்பித்தாள் டக்கெட். நல்ல தூண்டில்தான் என்று டார்லீன் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

போன வாரம் வெஸ்லியும் போனில், "அவங்க வந்தா நடந்ததை நடந்தபடி சொல்லிடும்மா," என்றிருந்தான். இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்களின் போனை ஒட்டுக்கேட்பார்கள் என்பது தெரியாதவளா அவள்? கேட்கிற காதுக்காகப் பேசுகிறான் பிள்ளை என்று புரிந்துகொண்டு, "சரிடா" என்று வைத்துவிட்டாள்.

வெஸ்லி போதைப்பொருள் எடுத்ததுண்டா என்று டக்கெட் கேட்டாள். பீரே அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள் டார்லீன். வலி மாத்திரை? இல்லை. சிகிச்சைக்கு எங்கேயாவது சேர்த்தது? அதுவும் இல்லை.

"இந்த வீட்டுக்கு எப்பவாவது ஆம்புலன்ஸ் வந்திருக்கா மேடம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எதிர்வீட்டு மார்ஜ்தான் உளறியிருக்க வேண்டும் என்று நினைத்தாள் டார்லீன். ஆறு வருஷத்துக்கு முன் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போய், மாத்திரை மயக்கத்தில் உதடு நீலம் பாரித்துக் கிடந்த மகனைக் குளியலறைத் தரையில் மடியில் போட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த பதினோரு நிமிஷம் அவளை விட்டுப் போனதே இல்லை. இன்றைக்கும் யார் அந்த அறைக்குள் போனாலும், வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

"வந்ததே இல்லைங்க."

"நிச்சயமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

டக்கெட்டின் பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு எழுதினாள். காபியைத் தொடாமலே எழுந்து போனாள்.

கார் தெருமுனை திரும்பியதும் டார்லீன் மகனைக் கூப்பிட்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

"போயிட்டாடா. என் வாயிலேருந்து ஒண்ணும் வாங்க முடியல. ஆம்புலன்ஸே வரலைன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பழக்கத்தில் அதை எண்ண ஆரம்பித்தாள்.

"மாத்திரை, ஆம்புலன்ஸ், சிகிச்சை எல்லாத்தையும் படிவத்துல நானே எழுதிக் குடுத்திருந்தேம்மா," என்றான் வெஸ்லி. "சாட்சிக்கு உன் பேரைத்தான் போட்டிருந்தேன்."