இனிக் கெடாது

தனியாக இருக்கும் மெர்சலின் டீச்சரின் கணினி மாதம் தவறாமல் மக்கர் பண்ணும். பழுதுபார்க்க அன்சாரி வரும் நாளில்தான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். இந்த முறை அவன் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டான்.

"இது இலவசம் டீச்சர். வைரஸ் பயமில்ல. பேக்கப்பும் தானா எடுத்துக்கும்."

"மறுபடி கெட்டுப்போனா?"

"கெடாது. அப்படியே ஏதாவதுன்னா போன் பண்ணுங்க, கடையில இருந்தே சரி பண்ணிடுவேன்."

"அப்ப நீ வரவே வேண்டாம்."

"வேண்டியதில்ல டீச்சர்" என்றான், பெருமையாக.

அவன் பையை மூடுவதைப் பார்த்ததும் அவள் சட்டென்று எழுந்தாள்.

"இரு, காபி குடிச்சிட்டுப் போ."

சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் ஏற்றினாள். தீயை, அணைந்துவிடாத அளவுக்கு, மிகச் சிறிதாக வைத்தாள்.