திறந்த சமையலறை

சமையலறைச் சுவரை இடித்து ஐம்பத்து மூன்று மணி நேரமாகிறது. மேல்வீட்டு வனஜா அக்கா உள்ளே வந்ததும் வியந்து நின்றார்.

“ஹாலும் அடுப்படியும் ஒண்ணாயிடுச்சே! இனி சோறு தீஞ்சா ஊருக்கே தெரியும்டி.”

என் கணவர் சத்தமாகச் சிரித்தார். காலால் பூந்தொட்டியை நகர்த்தி, தரையில் அறுத்துவிட்ட கம்பி முனைகளை மறைத்தார்.

“எங்க பாத்ரூம் கதவுதான் முந்தாநாள்லேருந்து மூட மாட்டேங்குது,” என்றார் அக்கா.

“மழைக்கு உப்பியிருக்கும்க்கா,” என்றார் கணவர்.

“மழை எங்கப்பா பெஞ்சுது?”

காலையில் இல்லாத மெல்லிய விரிசல் ஒன்று கூரையில் விளக்கு வரை வந்திருந்தது. மேலே அக்காவின் மகள் ஸ்கிப்பிங் ஆடத் தொடங்கினாள். என் கையில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

“அக்கா, பாப்பாவ உடனே கீழ கூட்டிட்டு வந்துடுங்க,” என்றேன். “நாங்க இடிச்சது சுவர் மட்டுமில்ல. தூணும்.”