டிவிடெண்ட் நாள்

"டிவிடெண்ட் வந்துடுச்சான்னு பாரும்மா" என்று அப்பா செல்போனை நீட்டினார். அம்மா போய் இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

மகள் வாங்கிப் பார்த்தாள். "இல்லப்பா. நாளைக்குத்தான் தேதி."

சோபாவில் இருந்த அத்தைக்குத் தாங்கவில்லை. "ஏண்டா, பொண்டாட்டி போயிருக்கா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எந்நேரமும் பணம் வந்துச்சா, பணம் வந்துச்சான்னு கேட்டுட்டு... நீயெல்லாம் மனுஷனா?"

"வருதா இல்லையான்னு தெரியணும்க்கா" என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. முன்னால் வைத்திருந்த சாப்பாடு ஆறிப்போயிருந்தது. எதிரே இருந்த நாற்காலியின் முதுகில் அம்மாவின் ஸ்வெட்டர் அப்படியே தொங்கியது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட இருந்தவர்களெல்லாம் வண்டி வாங்கியபோது, இவர் மட்டும் ஒரு பெரிய குளிர்பானக் கம்பெனியின் பங்குகளை வாங்கினார். அதன் பிறகு கையில் மிச்சம் விழுந்தபோதெல்லாம் அதையேதான் வாங்கினார். விற்கிற பேச்சே கிடையாது.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பாட்டிலும் கையுமாக நிற்கும் பிள்ளைகளைக் காட்டி அம்மாவின் காதில் சொல்வார். "பாரு, எல்லாம் நமக்காகக் குடிக்குதுங்க."

"மெல்லப் பேசுங்க. அதுங்களுக்குப் புரையேறிடப் போகுது" என்பாள் அம்மா.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டிவிடெண்ட் வரும். அன்றைக்கு அப்பாவைக் கையில் பிடிக்க முடியாது. "முழுசா எட்டாயிரம்! உக்காந்த இடத்துல சம்பளம்!" என்று பாங்கிலிருந்து எடுத்து வந்து அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவார். தனக்கென்று ஒரு காசு வைத்துக்கொண்டதில்லை.

மகளுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது, அவர் நினைவில்லாமல் கிடந்த நாட்களில், அம்மா அத்தனை பங்குகளையும் விற்றுவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேறு வழி இருக்கவில்லை.

கண் விழித்த அப்பா முதலில் கேட்டது, "கம்பெனி எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அம்மாவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்; அன்றிலிருந்து அவளுடைய பென்ஷன்தான் டிவிடெண்ட். தேதி பார்த்து அப்பாவின் கணக்கில் போட்டுவிடுவாள். 'இந்த வருஷம் கூட்டியிருக்காங்களாம்' என்று அப்பா பேப்பரைப் பார்த்துச் சொன்னால், அம்மாவும் மறுபேச்சில்லாமல் கூட்டிவிடுவாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று மகள் ஒரு தடவை கேட்டாள்.

"அதே பணம்தாண்டி. நான் அவருக்குப் போடறேன், அவர் எனக்குக் குடுக்கறார். நடுவுல அவர் மூஞ்சி பூரிச்சுப் போகுது பாரு, அது லாபம்" என்று சிரித்தாள் அம்மா.

நல்ல வேளை, ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பங்கு விலை பார்ப்பதையே விட்டுவிட்டார். "விக்கறவன்தான் விலையைப் பாக்கணும்" என்று சொல்லிவிடுவார்.

இப்போது அம்மா இல்லை. நாளைக்குப் பணம் வராவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். பிடிப்பாக இருந்த அந்த ஒன்றும் போய்விட்டது என்று தெரிந்தால் ஏற்கெனவே தைத்து வைத்த இதயம் தாங்குமா?

மகள் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தாள். அழுகைகூட வராமல் அவளுக்கும் உள்ளே மரத்துத்தான் போயிருந்தது. கம்பெனியின் அறிவிப்பைத் தேடி எடுத்தாள். பழைய பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினாள். வரியைக் கழித்தாள். வாத்தியார் பெண் அல்லவா, ஒரு காசு பிசகவில்லை. வந்த தொகையை அப்படியே தன் கணக்கிலிருந்து மறுநாள் காலையில் அனுப்பினாள்.

மேஜைமேல் இருந்த அப்பாவின் செல்போன் ஒரு தடவை ஒலித்தது.

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். செய்தியைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"வந்துடுச்சாப்பா?"

"ம். எட்டாயிரத்து முந்நூத்து நாப்பத்தாறு. எழுபத்தஞ்சு காசு."

"அப்பாடா, வந்துடுச்சில்ல? இனிமேலாவது ரெண்டு வாய் சாப்பிடு" என்றாள் அத்தை.

அப்பா செல்போனைக் கவிழ்த்து வைத்தார். எதிர் நாற்காலியில் தொங்கிய ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைவதை மகள் அப்போதுதான் பார்த்தாள்.

"என்னப்பா? கம்பெனி சொன்ன கணக்குப்படி சரியாத்தானே வந்திருக்கு?"

"கணக்கெல்லாம் சரிதான்." அவர் கை நீட்டி மகளின் தலையைத் தடவினார்.

"உங்கம்மா என்னிக்குமே சில்லறை போட்டதில்லைம்மா."