இருட்டறையின் சாவி

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஒரு துணுக்கு மேகமும் இன்றி வானம் பளிச்சென்றிருந்தது. ஆய்வகத் தலைவருக்கு அதைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வந்தது.

நான்காம் முறையாகச் சோதனை கெட்டுவிட்டது. தட்டுகளிலுள்ள நுண்ணுயிர்கள்மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, அவற்றின் டி.என்.ஏ.வைச் சிதைத்து, மறுநாள்வரை இருட்டறையில் வைக்க வேண்டும். பெரும்பாலானவை மடியும், தப்பிய சிலவற்றில் மரபணு மாற்றத்தைத் தேடலாம். இடையில் வெளிச்சம் பட்டால் எல்லாம் பாழ். அந்த ஒளியைக் கொண்டே அவை தம் டி.என்.ஏ.வைச் செப்பனிட்டுக்கொள்ளும்.

இன்றும் தட்டு நிறையக் கொழுகொழுவென்று பெருகிக் கிடந்தன.

துப்புரவு செய்யும் அக்காதான் இருட்டறையின் கறுப்புத் திரையை விலக்குகிறார் என்பது தலைவரின் முடிவு. அக்காவை வேலையிலிருந்து நீக்கக் கோரும் கடிதம் மேசையில் தயாராக இருந்தது.

"இருட்டுலயே தடவித் தடவித்தான் ஐயா துடைக்கிறேன். முட்டியப் பாருங்க, மேசைக்கால்ல இடிச்சு வீங்கிக் கிடக்கு."

"கதையெல்லாம் வேண்டாம்" என்றார் தலைவர். கடிதத்தில் சேர்க்க, தட்டுகளின் சீட்டுகளைப் படிக்குமாறு உதவியாளரிடம் சொன்னார்.

"முதல் தட்டு. கதிர் பாய்ச்சியது பத்து மணி. சீட்டு எழுதியது பத்து நாற்பது." உதவியாளர் நிறுத்தினார். "சார், இது நான் எழுதின சீட்டு இல்லையே?"

"உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. ஒவ்வொரு தடவையும் நான்தான் தட்டை எடுத்து, சீட்டை மாத்தி எழுதி வைக்கிறேன்."

"இருட்டுலயா, சார்?"

தலைவர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஜன்னலோர மேசையிலதான் ஐயா எழுதுவாங்க" என்றார் அக்கா. "வராந்தா கூட்டுறப்ப பார்த்திருக்கேன். அரைமணி நேரமாவது ஆகும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அக்கா?" என்றார் உதவியாளர்.

"அதுவும் சோதனையில ஒரு பகுதின்னுல்ல நினைச்சேன்."

கடிதம் கிழிந்து குப்பைக் கூடைக்குப் போனது. அடுத்த சோதனையில் கதிர் பாய்ச்சுவதற்கு முன்பே சீட்டுகளை எழுதி ஒட்டினார்கள். தட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நுண்ணுயிர்ப் புள்ளிகளே மிஞ்சின.

இருட்டறையின் சாவி இப்போது அக்காவிடம் இருக்கிறது. மறுநாள்வரை யார் கேட்டாலும் தரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர் தலைவர்தான். முதலில் வந்து கேட்டவரும் தலைவர்தான், அக்கா தரவில்லை.