குறுக்கே நீளும் கை

ஜெபராஜின் மேல்கூரையில்லாத பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர் சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கினார். இடப்பக்க இருக்கையில் அவருடைய சின்ன மகள் எழுந்து நின்று கையசைத்தாள். குளிரில் ஸ்டார்ட் செய்ய சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், எந்தக் கியர் முரண்டுபிடிக்கும் என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் ஜெபராஜ் சாவியைக் கொடுத்திருந்தார். அங்கே நிற்கப் பிடிக்காமல் மனைவி எஸ்தருடன் ஆட்டோவில் ஏறினார்.

கடைவீதியில் ஆட்டோ வலப்பக்கம் சட்டென்று திரும்பியது. அவருடைய இடது கை தானாக நீண்டு எஸ்தரின் குறுக்கே நின்றது.

“திரும்பும்போது என் பக்கத்துக் கார் கதவு திறந்துக்கும்னு இன்னும் பயமா? அதான் வித்தாச்சே” என்று எஸ்தர் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “ஏங்க, அந்தக் கதவைப் பத்தி அவர்கிட்ட சொன்னீங்கல்ல?”

இத்தனை வருஷமும் கையே பார்த்துக்கொண்ட வேலை அது. சாவியைக் கொடுக்கும்போது அது வாய்க்கு வரவே இல்லை.

ஜெபராஜ் காரை வாங்கியவருக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அந்த ஆள் எடுக்கவில்லை. மலையில் கொண்டை ஊசி வளைவுகள் இந்நேரம் தொடங்கியிருக்கும்.

ஆட்டோ மறுபடியும் வலப்பக்கம் திரும்பியது. எஸ்தர் அவர் கையை இழுத்துத் தன்மேல் இறுக அழுத்திக்கொண்டாள்.