தொட்டாலே தெரியும்

"இதைப் போட்டுக்கிட்டு என் ஆபீசுக்கு வந்து நின்னா, என் தங்கச்சி பொண்ணுன்னு நான் எப்படிடி சொல்லுவேன்?"

பெரியவள் அந்தச் சட்டையைச் செத்த எலியைப் பிடிப்பது போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். தள்ளுபடிக் கடையின் பை மேஜைமேல் கிடந்தது.

சின்னவள் அந்தப் பையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் அவள் மகள் பெரியம்மாவின் ஆபீசில் வேலைக்குச் சேர வேண்டும். வேலையை வாங்கிக் கொடுத்தவள் பெரியவள். ஆகவே அன்றைக்கு அவள் வைத்ததுதான் சட்டம்.

"நல்லாத்தானே இருக்கு, பெரியம்மா?" என்றது பெண்.

"இப்ப நல்லாத்தான் இருக்கும். ரெண்டு தடவை துவைச்சுப் பாரு, பொம்மைக்குத்தான் போட்டுவிடலாம்."

பெரியவளின் வீட்டுக்காரர் ஓரமாக நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் சமையல் அவள் இலாகா, இஸ்திரி அவர் இலாகா. பேச்சு முழுக்க அவள் இலாகா.

"சரி, துணி எப்படியோ போகட்டும். இந்த விலைக்கு ஒரு சட்டையை விக்க முடியுதுன்னா என்ன அர்த்தம்? எங்கேயோ ஒரு பொம்பளை, பெத்த பிள்ளையைப் பாக்காம, நிமிர்ந்து உக்காரக்கூட நேரமில்லாம தைச்சிருக்கா. அவ வயித்துல அடிச்சு நீ மிச்சம் பிடிக்கிறே. உனக்கு உறுத்தலையா?"

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சரியான விஷயத்தை, வாசல்வரை கேட்கிற மாதிரி, பெற்ற பெண்ணின் எதிரிலேயே சொல்ல வேண்டுமா என்றுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"உறுத்துதுக்கா," என்றாள் சின்னவள். "என் கைக்கு எட்டுற கடை அதுதானே."

"அஞ்சு வாங்காதே, ஒண்ணு வாங்கு. நல்லதா வாங்கு. நான் வாங்கலையா? இரு, காட்டறேன்."

உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. எதை எடுத்துவரப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதேதான் வந்தது. வெள்ளையில் இளநீலக் கோடு போட்ட சட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்து ஆகா என்று சொல்லியாக வேண்டிய சட்டை.

"மூணு வருஷம் ஆச்சு. ஒரு நூல் பிரிஞ்சிருக்கா? சாயம் போயிருக்கா? தரம்னா இது. தொட்டாலே தெரியும்." காலரைப் புரட்டினாள். "அந்த லேபிளைப் படிடி. சத்தமாப் படி."

பெண் படித்தது. "நியாயமான கூலி கொடுத்துத் தைக்கப்பட்டது."

"கேட்டியா? இதைப் போட்டுக்கிட்டா ராத்திரி நிம்மதியாத் தூக்கம் வரும்."

பெண் இரண்டு சட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறித் தடவிப் பார்த்தது.

"பெரியம்மா, ரெண்டுலயும் பட்டன் ஒரே மாதிரி... ஆ!"

மேஜைக்கு அடியில் அம்மா அதன் காலை மிதித்தது பெரியவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

"பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். மட்டமான சரக்கு எப்பவும் அப்படித்தான். என்னங்க, நீங்களே சொல்லுங்க. தினமும் தேய்க்கிற கை, வித்தியாசம் தெரியாதா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எது சூடு தாங்கும், எது தாங்காதுன்னு... எனக்கு நல்லாவே தெரியும்," என்றார் அவர்.

"கேட்டுக்கோ!"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்றே அவர் நினைத்தார். பெரியவளுக்கும் மனசு இளகிவிட்டது. கூடப் பிறந்தவள் இல்லையா?

"சரி, விடு. இந்தாடி பெண்ணே, நாளைக்கு இதையே போட்டுக்கிட்டு வா. நீயே வெச்சுக்கோ. பெரியம்மா குடுத்ததா இருக்கட்டும். அந்த இன்னொண்ணைக் குடு, ஜன்னல் துடைக்க ஆகும்."

வாசல்வரை வழியனுப்ப அவர்தான் வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த சின்னவளிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மன்னிச்சுடும்மா. நான் வாயைத் திறந்திருக்கணும். பொண்ணு முன்னாடி உன்னை அப்படிப் பேசறா, நான் மரம் மாதிரி நிக்கிறேன். எனக்கே வெக்கமா இருக்கு."

"திறந்திருந்தா நாளைக்கு உங்களுக்கு யாரு சோறு போடுவா, அத்தான்?"

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே தோள் குலுங்கியதும் அழுகையால் இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"என்னம்மா விஷயம்?" என்றது பெண்.

"பெரியம்மா இந்தச் சட்டையை வாங்கின கொஞ்ச நாள்லயே வெளியூர் போயிருந்தா. உங்க பெரியப்பா டிவியில மேட்ச் பார்த்துக்கிட்டே தேய்ச்சு, முதுகுல முழுசா ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கருக்கிட்டார். அவ திரும்பி வர்றதுக்குள்ள அதே கோடு போட்ட சட்டை வேணும். ரெண்டு பேரும் கடை கடையா அலைஞ்சோம். கடைசியில நம்ம தள்ளுபடிக் கடைக் குவியல்லதான் கிடைச்சுது."

பெண் கையிலிருந்த சட்டையின் காலரைப் புரட்டிப் பார்த்தது.

"அப்ப இந்த லேபிள்?"

"கருகினதுல இருந்து பிரிச்சு எடுத்து, இதுல வெச்சு உங்கம்மாதான் தைச்சுக் குடுத்தா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

பெண் லேபிளை இன்னொரு தடவை படித்தது.

"கூலி என்னம்மா குடுத்தாங்க?"

"உங்க பெரியப்பா ஒரு டீ வாங்கித் தரேன்னு சொன்னார். இன்னும் வரலை."