ஆறு மணிக்கு நெருப்பு வளையம்

“இதுக்குப் பேரு கண்காட்சியாங்க? தூ!”

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் புழுதியில் துப்பியதும் குணசீலனுக்கு மனம் கொஞ்சம் ஆறியது. ஏமாந்தவன் தான் மட்டும் இல்லை. அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மோட்டார் சைக்கிள் பார்க்கக் கிளம்பி வருகிற வயதில்லை. ஆனாலும் அந்த மைதானத்தில் அவரைவிடக் கோபமாக யாரும் இல்லை.

குணசீலன் போர்வெல் வண்டி ஓட்டுகிறவன். ஒன்பது மாதம் வடக்கே கிடந்துவிட்டுப் பத்து நாள் லீவில் நாமகிரிப்பேட்டைக்கு வந்திருந்தான். இன்று மச்சான் வீட்டுக் காதுகுத்து. மனைவி தனப்பிரியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைக்கூடப் பொருட்படுத்தாமல், பஸ் மாறி பஸ் ஏறி ஓமலூருக்கு வந்து சேர்ந்திருந்தான்.

போஸ்டர் அப்படி இருந்தது. ‘முன்னூறு மோட்டார் சைக்கிள்கள்! பறக்கும் வீரர்கள்!’ உள்ளே போனால் நாற்பது வண்டி தேறவில்லை. அதிலும் பாதி, எந்த டீக்கடை வாசலிலும் நிற்கிற வண்டிகள். ‘உலகப் போர் வண்டி’ என்று கயிறு கட்டி நிறுத்தியிருந்ததில் தொட்டுப் பார்த்தவர் கையெல்லாம் ஈரப் பெயின்ட். மிச்ச இடத்தை மெத்தைக் கடையும் பஜ்ஜிக் கடையும் அடைத்துக்கொண்டிருந்தன. கக்கூஸ் பக்கம் போனவர்கள் போன வேகத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

“உலகப் போர் வண்டியாமா! எங்க மாமன் பால் கேனு கட்டிட்டுப் போற வண்டிகூட அதுக்கு மேலுங்க” என்றான் குணசீலன்.

“வண்டி கெடக்குது, உடுங்க சாமி. அந்த வளையத்தப் பாத்தீங்களா?” அந்த அம்மாள் மைதானத்தின் நடுவே கையை நீட்டினார். “கம்பியில சாக்கச் சுத்தி, பெட்ரோல ஊத்திப் பத்த வெப்பாங்களாமா. அதுக்குள்ள பூந்து வண்டியோட தாவோணுமாமா. ஒரு ஆம்புலன்சு நிக்குதா? ஒரு வாளி மண்ணாச்சும் வெச்சிருக்கறானா? காலையில இருந்து பாக்கறன், கேக்க ஒரு நாதியில்ல.”

“அது ஒண்ணுதானுங்க மிச்சம். ஆறு மணிக்கு அதையாச்சும் பாத்துப்போட்டுப் போலாம்னு உக்காந்திருக்கறன்.”

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்குச் சிவப்பு உடுப்பு போட்ட வாலிபன் ஒருவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். “பறக்கும் வீரர் இனியன்!” என்று மைக் அலறியது. நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தது கூட்டம்.

வண்டி நாலு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. இனியன் உதைத்து உதைத்துப் பார்த்தான், வேர்த்ததுதான் மிச்சம். மெக்கானிக் ஓடி வந்து டியூபைக் கழற்றி, டேங்கிலிருந்து கொஞ்சம் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“பெட்ரோல்ல தண்ணியாமா!” சேதி வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. தாவுவதற்கென்று தயார் செய்த வண்டி அது ஒன்றுதான். ஆகவே நிகழ்ச்சி ரத்து என்று மைக்கில் சொன்னார்கள்.

குணசீலனுக்கு வயிறு எரிந்தது. “நல்ல பெட்ரோல் வாங்கக்கூட மனசு வரல பாருங்க. மட்டமான சரக்க ஊத்தியிருக்கறானுவ, கேடுகெட்ட பசங்க!”

“நல்லாக் கேளுங்க சாமி!” அந்த அம்மாள் எழுந்தே விட்டார். “எல்லாரும் போயி அந்த மொதலாளியப் புடிங்க! இனி எந்த ஊர்லயும் இவன் கொட்டாய் போடக்கூடாது!”

அந்தக் குரலுக்குத்தான் காத்திருந்ததுபோல் கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. முதலாளி மைக்கைப் போட்டுவிட்டு வேனில் ஏறிக் கம்பி நீட்டினார். அகப்பட்டவன் இனியன் மட்டும்தான்.

“பயந்தாங்கொள்ளி! தாவ வக்கில்லாம நடிக்கறான்டா!” என்று யாரோ கத்தினார்கள். ஒரு பாட்டில் பறந்து போய் அவன் தோளில் பட்டது. அடுத்தது காதோரம் உரசிக்கொண்டு போனது. அவன் ஓடவில்லை, வண்டிக் கைப்பிடியை விடாமல் தலைகுனிந்து நின்றான்.

ஒன்பது மாதத்தில் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பாழாய்ப் போன ஆத்திரம் குணசீலனுக்கு. காலடியில் கிடந்த பாட்டிலை எடுத்துக் குறி பார்த்து ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை. அந்த அம்மாள் இரண்டு கையாலும் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“எறியாதீங்க சாமி. அவன் ஒண்ணும் பண்ணல.”

“ஏனுங்கம்மா, இத்தன நேரம் அந்தக் கிழி கிழிச்சது நீங்கதானுங்களே! இவனுக்கு மட்டும் எதுக்குப் பரிஞ்சு பேசறீங்க? டேங்குல என்ன கெடக்குதுன்னுகூடப் பாக்காதவனெல்லாம் ஒரு வீரனாங்க?”

அவர் பிடியை விடவில்லை. பற்ற வைக்காத வளையத்தையும், அதன் அருகே நின்றவனையும் ஒருமுறை பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. வாய் மட்டும் ஏனோ லேசாகச் சிரித்தது.

“மத்தியானம் சோறு குடுக்கப் போனப்ப தண்ணிய ஊத்துனது நாந்தான் சாமி, அவன் எம்பட பையன்.”